காற்றில் அவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் கட்லா ஏன் சாகிறது, விரால் ஏன் தாக்குப்பிடிக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடு மீன் சந்தைக்குப் போயிருக்கிறீர்கள். கட்லாவும் ரோகுவும் அசையாமல் கிடக்க, பக்கத்துப் பாத்திரத்தில் விரல் முனை நனையும் அளவு தண்ணீரில் விரால்கள் நெளிந்துகொண்டிருந்தன. "காத்துலதானே ஆக்சிஜன் ஜாஸ்தி, அப்புறம் மீனை வெளியே எடுத்தா ஏன் சாகுது?" என்று அவள் கேட்டிருக்கிறாள். நீங்கள் தேடிய இடத்தில் எல்லாம் "மீன் செவுளால் சுவாசிக்கிறது, அதனால் காற்றில் சுவாசிக்க முடியாது" என்றே இருந்தது. இது பதில் ஆகாது, கேள்வியையே திருப்பிச் சொல்வது என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். செவுளும் நுரையீரலும் செய்வது ஒரே வேலை என்றால், ஆக்சிஜன் குறைவாக இருக்கும் தண்ணீரில் ஜெயிக்கிற செவுள், அது கொட்டிக் கிடக்கும் காற்றில் ஏன் தோற்க வேண்டும்? உங்கள் மகளின் கேள்வி அதுதான். அதற்குப் பதில் கிடைத்தால் விரால் கதையும் புரிந்துவிடும்.

நான் மீன்வளம் படித்தவன். இருபது வருடங்களுக்கு மேலாகத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பண்ணைக்குட்டைகளில் மீன் வளர்ப்பவர்களோடு வேலை செய்கிறேன். ஆகவே கீழே மீனைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி கையால் தொட்டுப் பார்த்தது. நுரையீரல், பூச்சி, பறவை பற்றிச் சொல்வது பாடமாகப் படித்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் மகள் சொன்ன கணக்கு சரியா என்று பார்ப்போம். முழுக்கச் சரி. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர்க் குளத்து நீர் 30 டிகிரி வெப்பத்தில் தன்னால் முடிந்த அளவு ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருந்தாலும் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். அதைக் காற்றின் அளவிலேயே சொன்னால் ஆறு மில்லிலிட்டர்கூட இல்லை. முப்பது மடங்குக்கும் மேலான வித்தியாசம். போதாததற்குத் தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு கனமானது, சுமார் 50 மடங்கு பிசுபிசுப்பானது. அதற்குள் ஆக்சிஜன் தானாகப் பரவும் வேகமோ காற்றில் பரவுவதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த அளவு கஞ்சத்தனமான ஓர் இடத்தில் மீன் உயிர் வாழ்கிறது என்றால், அதன் செவுள் எவ்வளவு திறமையான கருவியாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் திறமைதான் வெளியே வந்ததும் அதைக் கவிழ்க்கிறது.

எந்த உயிரானாலும் ஆக்சிஜன் உள்ளே போவதற்கும் கரியமில வாயு வெளியே வருவதற்கும் வழி ஒன்றுதான்: அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்கு, மெல்லிய ஈரமான ஒரு சவ்வு வழியாக அவை தாமாகக் கசிய வேண்டும். உயிருள்ள சவ்வு காய்ந்தால் செத்துவிடும், அதனால் ஈரம் கட்டாயம். உடல் மிகச் சிறியதாக இருந்தால் தோலே போதும். அமீபாவுக்குத் தனி உறுப்பு எதற்கு? தட்டைப் புழு தன் உடம்பைத் தாள் மாதிரி தட்டையாக வைத்துக்கொண்டு அதிலேயே சமாளிக்கிறது. 1920ல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். உடல் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால், தோல் வழியாகக் கசிகிற ஆக்சிஜன் நடுவில் இருக்கும் செல்களுக்குப் போய்ச் சேராது. அதற்கு மேல் வளர்ந்த பிராணி எதுவானாலும் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். கசியும் பரப்பைப் பல மடங்கு பெருக்க வேண்டும், அந்தப் பரப்பின் மேல் காற்றையோ நீரையோ ஓடவைக்க வேண்டும். மண்புழு மாதிரி, தோலுக்கு அடியிலேயே ரத்தத்தை ஓடவிட்டுச் சமாளிக்கிறவையும் உண்டு. ஆனால் கட்லா அளவுக்கு வளர அது போதாது.

செவுளைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். பக்கத்துக்கு நான்கு வளைவான எலும்புகள். ஒவ்வொன்றிலும் சீப்பின் பற்களைப் போல இரண்டு வரிசைச் சிவப்பு இழைகள். ஒவ்வோர் இழையின் மேலும் கீழும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள், ஒரு மில்லிமீட்டருக்கு இருபது முப்பது என்று நெருக்கமாக நிற்கின்றன. ரத்தம் ஓடுவது அந்தத் தகடுகளுக்குள்தான். மீன் வாய் வழியாக நீரை வாங்கி, தகடுகளுக்கு இடையே செலுத்தி, செவுள் மூடி வழியாக வெளியே விடுகிறது. தண்ணீர் ஒரு திசையில் போக, தகட்டுக்குள் ரத்தம் அதற்கு நேர் எதிர்த் திசையில் வரும். அதனால் ரத்தம் எந்த இடத்தில் இருந்தாலும், தன்னைவிடச் சற்று அதிக ஆக்சிஜன் உள்ள தண்ணீரையே எதிர்கொள்கிறது. கடைசிவரை கசிவு நிற்பதில்லை. நல்ல நிலையில் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் 70, 80 சதவீதம் வரை மீன் எடுத்துவிடும். நாமோ உள்ளே இழுக்கும் காற்றில் இருப்பதில் கால் பங்கைத்தான் எடுக்கிறோம், மீதியை அப்படியே வெளியே விடுகிறோம்.

இப்போது அந்த மீனைக் கரைக்கு எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். அந்தத் தகடுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்தியிருந்தது எலும்பு அல்ல, தண்ணீர்தான். தண்ணீரில் மிதக்கும்போது அவற்றுக்கு எடையே தெரியாது. தண்ணீர் வடிந்ததும், தகடுகளுக்கு இடையே மிச்சமிருக்கும் ஈரம் அவற்றை இழுத்து ஒட்டவைத்துவிடுகிறது. குளத்தில் முங்கும்போது தலைமுடி எப்படி விரிந்து மிதக்கிறது, எழுந்ததும் எப்படிக் கற்றையாக ஒட்டிக்கொள்கிறது! அதேதான் இங்கேயும். ஆயிரக்கணக்கான தகடுகள் சில கற்றைகளாகச் சுருங்கியபின் காற்றைத் தொடுவது வெளி விளிம்பு மட்டுமே. பரப்பில் சின்னப் பகுதிதான் மிஞ்சுகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் முப்பது மடங்கு இருந்து என்ன பயன்? வாசல் முக்கால்வாசி அடைத்துவிட்டதே. கொஞ்ச நேரத்தில் அந்த விளிம்பும் காய ஆரம்பிக்கும்.

செவுள் என்றாலே காற்றில் வேலை செய்யாது என்பது சரியல்ல. அதற்கு நண்டே சாட்சி. சேற்று நண்டுக்கும் செவுள்தான். ஆனால் கால்களைக் கட்டி, ஈரச் சாக்குக்குள் வைத்து, தண்ணீரே இல்லாமல் வெளிநாட்டுக்குக்கூட உயிரோடு அனுப்புகிறோம். அதன் செவுள் ஓட்டுக்குள் ஓர் அறையில் மூடி இருக்கிறது, அந்த அறையில் ஈரம் தங்குகிறது, செவுளும் கட்லாவுடையதைப் போலத் துவண்டு விழாமல் சற்று விறைப்பாக நிற்கிறது. ஒட்டாமலும் காயாமலும் இருந்தால் செவுள் காற்றிலும் ஓரளவு ஓடும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திச் சேற்றில் துள்ளித் திரியும் சின்ன மீன்களைப் பார்த்திருந்தால் இது இன்னும் புரியும். அவை செவுள் அறையில் ஈரத்தை வைத்துக்கொண்டு, நனைந்த தோல் வழியாகவும் வாயின் உட்புறம் வழியாகவும் காற்றை எடுத்துக்கொள்கின்றன. நடுநடுவே சேற்றில் புரள்வது தோல் காயாமல் இருக்கத்தான்.

ஆக்சிஜன் பக்கம் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். கரியமில வாயு தண்ணீரில் மிக எளிதாகக் கரையும், ஆக்சிஜனைப் போல 25 மடங்குக்கும் மேல். அதனால் தண்ணீரில் இருக்கும் மீனுக்கு அதை வெளியே தள்ளுவது ஒரு பிரச்சினையே இல்லை. செவுளைத் தாண்டும் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். கரைக்கு வந்ததும் அந்தக் கழுவல் நின்றுபோகிறது. ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, ரத்தத்தின் அமிலத்தன்மை ஏற ஆரம்பிக்கிறது. கனடாவில் 1992ல் ரெயின்போ ட்ரவுட் மீன்களை வைத்து இதை நேரடியாகவே சோதித்தார்கள். களைக்கும்வரை ஓடவிட்ட மீன்களில் அப்படியே தண்ணீரில் விடப்பட்டவை பெரும்பாலும் பிழைத்தன. களைத்த பிறகு ஒரே ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டு மறுபடி நீரில் விட்டவற்றில் பாதிக்கும் மேல் அடுத்த 12 மணி நேரத்துக்குள் செத்துப்போயின. காற்றில் இருந்தபோது அவற்றின் ரத்தத்தில் ஆக்சிஜன் சரிந்திருந்தது, கரியமில வாயு ஏறியிருந்தது. ஆக, இரண்டும் நடக்கிறது என்பது உறுதி. எது முந்திக் கொல்கிறது என்பது மீனுக்கு மீன், வெயிலுக்கு வெயில் மாறும், அதில் ஒரே விடை சொல்லிவிட முடியாது. பண்ணையில் நாங்கள் காண்பது இதுதான்: வலையில் ஏறியதும் முதலில் போவது வெள்ளிக் கெண்டை, கட்லாவும் அதிகம் தாங்காது, சாதாக் கெண்டை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

ஈரத் தகடு ஒட்டிக்கொள்ளும் இந்தச் சிக்கல் நம் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது. நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உண்டு, விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். அவற்றின் உட்புறமும் ஈரமானதுதான், அந்த ஈரம் அறைகளைச் சுருக்கி ஒட்டவைக்கத்தான் பார்க்கிறது. நம்மைக் காப்பாற்றுவது நுரையீரல் செல்கள் சுரக்கும் கொழுப்புக் கலந்த ஒரு படலம். அது சோப்பு மாதிரி, தண்ணீரின் அந்த இழுவிசையைத் தளர்த்திவிடுகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அது கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கும். மாதம் நிறைவதற்கு மிக முன்னால் பிறந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததற்குக் காரணம் அந்தப் படலம் இல்லாததே என்று 1959ல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்த ஜியர் மீடும் காட்டினார்கள். இன்று மாட்டின், பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்த அந்தப் பொருளைக் குழாய் வழியாகச் செலுத்தி அந்தக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறார்கள். கரையில் கிடக்கும் கட்லாவின் செவுளும் குறைமாதக் குழந்தையின் நுரையீரலும் தவிப்பது ஒரே இயற்பியலால்தான். இதை முதல் முறை படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கேள்வியைத் திருப்பிப் போட்டால், நாம் ஏன் தண்ணீரில் மூச்சுவிட முடியாது? நுரையீரல் ஒரே வாசல் உள்ள பை. செவுள் வழியாகத் தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும். நுரையீரலிலோ உள்ளே போனதே திரும்பி வர வேண்டும். காற்றைவிட 800 மடங்கு கனமான ஒன்றை நிமிடத்துக்குப் பதினைந்து முறை அப்படி இழுத்து வெளியே தள்ளுவதற்கு நெஞ்சுத் தசைக்குப் பலம் போதாது. கிடைக்கும் ஆக்சிஜனும் கட்டுப்படியாகாது. 1966ல் க்ளார்க், கோலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆக்சிஜனைத் தாராளமாகக் கரைக்கும் ஃப்ளூரோகார்பன் திரவத்தில் எலிகளை மூழ்கவைத்து, அவை அந்தத் திரவத்தையே சுவாசித்து உயிரோடு இருப்பதைக் காட்டினார்கள். ஆக்சிஜன் போதும் என்ற நிலை வந்தபோதும், கரியமில வாயுவை வெளியே தள்ளுவதும் அந்தக் கனமான திரவத்தை இழுத்து விடுவதும்தான் இடித்தன.

சரி, விராலுக்கு வருவோம். விராலுக்கும் செவுள் உண்டு, ஆனால் கட்லாவுடையதோடு ஒப்பிட்டால் அது சின்னது. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஓர் அறை இருக்கிறது. அறையின் சுவரில் ரத்த நாளங்கள் அடர்த்தியாகப் பரவியிருக்கும். விரால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்து அந்த அறையில் நிரப்பிக்கொண்டு கீழே போகும். தூண்டில்காரர்கள் விரால் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே அந்த மூச்சை வைத்துத்தான். அறையின் சுவர் ஒட்டிக்கொள்வதில்லை, மூடிய இடம் என்பதால் சீக்கிரம் காய்வதும் இல்லை. ஆக்சிஜனில் பெரும் பங்கை விரால் இப்படிக் காற்றிலிருந்து எடுக்கிறது. கரியமில வாயுவில் பெரும் பங்கைச் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீருக்கே விடுகிறது. ஒரு வாயுவுக்குக் காற்று, இன்னொன்றுக்குத் தண்ணீர். அதனால்தான் சந்தையில் விராலுக்குக் கொஞ்சமாவது தண்ணீர் வைத்திருக்கிறார்கள். ஈரமே இல்லாமல் போட்டால் அதுவும் செத்துப்போகும், நேரம் ஆகும், அவ்வளவுதான்.

விராலின் செவுள் ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? பெரிதாக இருந்தால் கூடுதல் வசதிதானே என்று தோன்றும். மூச்சறையில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் நேராக உடம்புக்குப் போவதில்லை. இதயத்துக்குத் திரும்பி, உடம்பிலிருந்து வரும் அசுத்த ரத்தத்தோடு சேர்ந்து, மறுபடி செவுள் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே இருப்பது ஆக்சிஜன் செத்துப்போன சேற்றுத் தண்ணீர் என்றால், கஷ்டப்பட்டு மேலே போய் எடுத்து வந்த ஆக்சிஜன் செவுள் வழியாக அந்தத் தண்ணீருக்குள் கசிந்துவிடும். கசிவு அதிகத்திலிருந்து குறைவை நோக்கித்தான் போகும், மீனுக்கு லாபமா நஷ்டமா என்று அது பார்ப்பதில்லை. செவுள் சிறுத்தால் அந்த நஷ்டம் குறையும். காற்றை நம்பி வாழும் மீன்களில் செவுள் சுருங்கியிருப்பதற்கு இதையே முக்கியக் காரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

காற்றுக் குடிக்கும் மீன்கள் எல்லாம் ஒரே வழியில் போகவில்லை என்பதும் சொல்லத் தக்கது. பனையேறிக் கெண்டையின் தலைக்குள் ரோஜா இதழ்கள் மாதிரி மடிந்த எலும்புத் தகடுகள் உண்டு. கெளுத்தி இனத்தில் சிலவற்றுக்குக் குட்டி மரம் போலக் கிளைத்த உறுப்பு. முள்ளால் குத்திக் கடுக்கவைக்கும் தேளி மீனுக்கோ, செவுள் அறையிலிருந்து முதுகுப் பக்கமாக வால்வரை நீளும் இரண்டு காற்றுக் குழாய்கள். பீகாரில் பாகல்பூர் பல்கலைக்கழகத்தின் தத்தா முன்ஷியும் பிரிட்டனின் ஹியூஸும் இந்த உறுப்புகளை அளந்து எழுதியவை நாங்கள் படிக்கும்போது கட்டாயப் பாடம்.

இதெல்லாம் தெரிந்தும் தொழிலில் தவறு நடக்கும். பல வருடங்களுக்கு முன்பு மன்னார்குடிப் பக்கம் ஓர் இளைஞர் முதல் முறையாக விரால் வளர்த்து, திருச்சிக்கு ஏற்றினார். உயிரோடு போனால்தானே விலை! ஆக்சிஜன் குறைந்துவிடக் கூடாதே என்று ட்ரம்களை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, சிந்தாமல் இறுக மூடிவிட்டார். கட்லாவுக்குக்கூட அப்படிச் செய்யக் கூடாது, ஆனால் விராலுக்கு அது நேரடியாக மரணம். இடையில் காற்றே இல்லை, மூச்செடுக்க மேலே வந்த மீன்கள் மூடியில் முட்டியிருக்கின்றன. போய்த் திறந்தபோது பெரும்பாலானவை செத்திருந்தன. அவருக்கு முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு விரால் வளர்க்கும் எவரிடமும் நான் முதலில் சொல்வதே இதுதான்: வளர்ந்த விரால் தண்ணீரில் மூழ்கிச் சாகும். பாதி ட்ரம்முக்கும் குறைவாகத் தண்ணீர், மேலே காற்று, ஓட்டை போட்ட மூடி. முட்டையிலிருந்து வந்த புதுக் குஞ்சுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தலையில் அறை வளரும்வரை அதுவும் மற்ற மீன் குஞ்சு மாதிரிதான் வாழ்கிறது. பிறகுதான் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தாய் தகப்பன் காவலில் மேலே வந்து வந்து போவதைப் பார்க்கலாம்.

இப்படி ஒரு மீன் நம் பக்கத்து ஏரி குளங்களில் ஏன் இருக்கிறது என்பதற்குக் குளத்தங்கரையில் விடியற்காலை நாலு மணிக்கு நின்றால் பதில் கிடைக்கும். பகலில் பாசியும் நுண்பாசியும் வெயிலில் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அவையும் ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கும். மீன், புழு, அடியில் அழுகும் குப்பை எல்லாமும் சேர்ந்து இழுக்க, விடியும் முன்புதான் குளத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்து கிடக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்கள் தவிக்கும். அப்போது அவை மேலே வந்து வாயைப் பிளக்கும். பலரும் அவை காற்றைக் குடிப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்மட்ட நீரில் மட்டும் ஆக்சிஜன் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அந்த நீரைத்தான் செவுளுக்குள் இழுக்கின்றன. நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை உடனே போடவில்லை என்றால் காலையில் குளத்தில் செத்த மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். அதே குளத்தில் விராலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெப்பமான, தேங்கிய, கோடையில் வற்றும் நீர்தான் காற்றுக் குடிக்கும் மீன்களின் பிறந்த வீடு. ஏரி வற்றினாலும் விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, உடம்புக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும்.

பனையேறிக் கெண்டை உண்மையிலேயே பனை ஏறுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இந்தக் கதை உலகத்துக்குப் போனது நம் தரங்கம்பாடியிலிருந்துதான். அங்கே டேனிஷ்காரர்களிடம் பணியில் இருந்த டால்டார்ஃப் என்பவர், 1791 நவம்பரில் குளத்தோரப் பனையில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே அந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தான் பார்த்ததாக எழுதினார். 1797ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. மழையில் அது செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் ஊர்ந்து குளம் விட்டுக் குளம் போகும் என்பது உறுதி, நானே வரப்பில் பிடித்திருக்கிறேன். மரம் ஏறும் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. பறவைகள் தூக்கிப்போய் மரத்தில் விட்டவற்றைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வந்திருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

மகளுக்குச் சொல்ல இன்னும் இரண்டு மூன்று உதாரணம் வேண்டும் என்றால், பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரத்தத்தை நம்புவதே இல்லை. உடம்பின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள், அவற்றிலிருந்து கிளைத்துக் கிளைத்து ஒவ்வொரு செல்லின் பக்கத்துக்கும் போகும் காற்றுக் குழாய்கள். காற்றில் ஆக்சிஜன் வேகமாகப் பரவும் என்பதால் இது நடக்கிறது. டெங்குக் கொசுவின் புழு தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் வால் பக்கக் குழலை நீர்ப்பரப்புக்கு மேலே நீட்டித்தான் மூச்சுவிடும். தேங்கிய நீரில் நகராட்சி ஊழியர்கள் எண்ணெய்ப் பந்து போடுவது அந்த வாசலை அடைக்கத்தான். பூச்சிகள் பெரிதாக வளராததற்கு இந்தக் குழாய் முறைதான் காரணம் என்றும், 30 கோடி வருடங்களுக்கு முன்பு காற்றில் ஆக்சிஜன் அதிகம் இருந்ததால்தான் முக்கால் மீட்டரை நெருங்கும் சிறகு விரிப்போடு தும்பி போன்ற பூச்சிகள் பறந்தன என்றும் அடிக்கடி படிப்பீர்கள். அந்தப் பூச்சிகள் இருந்தது உண்மை, புதைபடிவம் இருக்கிறது. ஆக்சிஜன்தான் காரணம் என்பது இன்னும் வாதத்தில் இருக்கும் விளக்கம். வேட்டையாடப் பறவைகள் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடச் செவுளுக்கு நெருக்கமானது. காற்றுப் பைகளின் உதவியால் அதற்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளின் இனம் இமயத்தைத் தாண்டுகையில் 7,200 மீட்டருக்கும் மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே ஆக்சிஜனின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிகூட இல்லை.

நெல்லையும் விட்டுவிட மனம் வரவில்லை, டெல்டாவில் இருப்பவன் இல்லையா. தண்ணீர் கட்டிய வயலில் சேற்றுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. நெல் வேர் அழுகாமல் இருப்பது, இலையிலிருந்து வேர்வரை தண்டுக்குள் காற்று போகும் வெற்றிடங்கள் இருப்பதால். ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், செம்பழுப்பாக இருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றில் உள்ள இரும்பைத் துருவாக்கி அதன் மேல் பூசியிருக்கிறது. பயிர் முழுவதும் மூழ்கிவிட்டால் இலை வெள்ளி மாதிரி மின்னுவதைக் கவனித்திருப்பீர்கள். நெல் இலையில் தண்ணீர் ஒட்டாது, அதனால் இலையைச் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் நிற்கிறது. பயிர் அந்தப் படலம் வழியாக வாயுக்களை மாற்றிக்கொள்ளும். சில நாட்களில் படலம் கலைந்துபோகும். வெள்ளம் சீக்கிரம் வடிய வேண்டும் என்று விவசாயி துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மீன் வெட்டுபவரிடம் கட்லாவின் செவுளைத் தூக்கிப் போடாமல் தரச் சொல்லுங்கள், கொடுப்பார்கள். விரால் வெட்டினால் அதன் செவுளையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கட்லா செவுளில் ஒரு வளைவை மட்டும் பிரித்துப் போட்டு லேசாக ஆட்டினால், இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விசிறி மாதிரி விரியும். அவளையே அந்த வளைவைப் பிடித்து மெதுவாகத் தண்ணீரை விட்டு மேலே தூக்கச் சொல்லுங்கள். இழைகள் கற்றையாகச் சேர்ந்து ஒட்டுவதைக் கண்ணால் பார்ப்பாள். மறுபடி தண்ணீரில் விட்டால் மறுபடி விரியும். அதன் பக்கத்தில் விராலின் செவுளை வைத்து, இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள்.